இழுக்கும், சரி... தாங்குமா?

(காட்சி: பிக்கப்போட டிரைவர் கதவு திறக்குது. கதவு வந்து படியற தூண்ல வெள்ளையும் மஞ்சளுமா ஒரு ஸ்டிக்கர்.)

அமெரிக்காவுல பிக்கப் வாங்கப் போறவங்க முதல்ல கேக்கறது, "எவ்வளவு இழுக்கும்?" விளம்பரத்துலயும் அந்த எண்தான் கொட்டை எழுத்துல இருக்கும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர், அதாவது பிக்கப்போட பின்தொட்டிக்குள்ள பூட்டி இழுக்கற நடமாடும் வீடு, மாட்டப் போறீங்கன்னா, தயவுசெஞ்சு இந்த ஸ்டிக்கரை முதல்ல படிங்க. ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். இதுதான் பேலோட். ஒரே மாடல்ல ரெண்டு வண்டி இருந்தா, ரெண்டுலயும் எண் வேற வேறயா இருக்கலாம். சன்ரூஃப், ஃபோர் வீல் டிரைவ்னு சேரச் சேர இது குறையும்.

சாதாரண ட்ரெய்லர் பம்பருக்குக் கீழ இருக்கற இரும்பு உருண்டையில மாட்டும். அதோட எடையில 10லேருந்து 15 சதவீதம்தான் வண்டி மேல இறங்கும். ஃபிஃப்த் வீல் அப்படி இல்ல.

(காட்சி: ட்ரெய்லரோட மூக்குக்கு அடியில, கிட்டத்துல.)

கீழ நீட்டிக்கிட்டு நிக்குதே, கிரீஸ் பூசின தடி இரும்பு, அதுதான் கிங்பின். கண்டெய்னர் லாரியில பாத்திருப்பீங்க, அதே அமைப்பு. பிக்கப்போட பின்தொட்டிக்குள்ள, ஏறக்குறைய பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல இருக்கற ஹிட்ச்ல, அதாவது இணைப்புப் பூட்டுல, இது போய்ப் பூட்டிக்கும். ட்ரெய்லர் அலையாம வரும். ஆனா அதோட எடையில 15லேருந்து 25 சதவீதம் வரைக்கும் இந்த ஒரு இரும்பு வழியா உங்க வண்டி முதுகுல இறங்குது. அதுவும் பேலோட் கணக்குலதான் சேரும்.

ஒரு கணக்கு போடுவோம். ஹாஃப் டன் பிக்கப் (இது வண்டி ரகத்தோட பேர்தான், தாங்கற எடை இல்ல), இழுக்கற திறன் 5,000 கிலோ, ஸ்டிக்கர்ல பேலோட் 700. ட்ரெய்லர் 4,500 கிலோ. இன்னும் 500 கிலோ மிச்சம் இருக்கேன்னு தோணும். 4,500ல 20 சதவீதம் 900 கிலோ. அங்கேயே தாண்டியாச்சு! ஹிட்ச் ஒரு 70. குடும்பம் நாலு பேர், 260. மொத்தம் 1,230. எழுநூறு எங்க, இது எங்க?

அப்போ விளம்பரத்துல சொன்னது பொய்யா? இல்ல. அரிசோனாவுல டேவிஸ் டேம் ஏத்தம்னு ஒரு மலைச்சாலை, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். 38 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்துல, அந்த ஏத்தத்தைத் தாண்டற திறனும் சேர்ந்துதான் அந்த எண் வருது. ஆனா அதுல வண்டிக்குள்ள ரெண்டே பேர்தான், ஆளுக்கு 68 கிலோன்னு கணக்கு. உங்க பசங்களும் சைக்கிளும் அதுல இல்ல.

ட்ரெய்லர் பிரோஷர்ல போடற காலி எடையையும் நம்பி இறங்காதீங்க. 200 லிட்டர் தண்ணி நிரப்பினாலே 200 கிலோ. ட்ரெய்லர் தகட்டுல இருக்கற அதிகபட்ச எடையை வெச்சே கணக்கு போடுங்க. பெரும்பாலும் அடுத்த பெரிய ரகமான முக்கால் டன் அல்லது ஒரு டன் பிக்கப்தான் சரியா வரும்.

பாரம் மிஞ்சினா பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரத்தோட பிடி தளரும். திருப்பறதுக்கும் பிரேக்குக்கும் அந்தப் பிடிதான் ஆதாரம். பின் டயர் சூடேறி வெடிக்கலாம். உள்ள உங்க குடும்பம் இருக்கு.

(காட்சி: ட்ரக் ஸ்டாப் எடை மேடை.)

தண்ணி, சாமான், ஆள் எல்லாத்தோடயும் ஏத்தி நிறுத்துங்க. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ட்ரெய்லர்னு மூணு எடை தனித்தனியா சீட்டுல வரும். அப்புறம் ட்ரெய்லரைக் கழட்டிட்டு, அதே ஆளுங்களோட பிக்கப்பை மட்டும் மறுபடி ஏத்துங்க. பிக்கப்போட ரெண்டு ஆக்ஸிலையும் கூட்டி, ரெண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. கிங்பின் வழியா இறங்கற எடை அதுதான்.