உருளைக்கிழங்கைக் கூழாக்கும் நொதிகள்

[காட்சி: கிடங்கில் குவிந்த உருளைக்கிழங்குகள், ஒன்றை அழுத்தியதும் தோல் கிழிந்து கூழ் வழிகிறது]

கிழங்கின் தோல் முழுதாக இருக்கும்போதே உள்ளே சதை கூழாகிவிடும் இந்நோய்க்கு மென்னழுகல் என்று பெயர். இதை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் ஒன்றை, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அழுகிய கேரட்டுகளை ஆராய்ந்த எல். ஆர். ஜோன்ஸ் 1901-ஆம் ஆண்டில் விவரித்தார். இன்று அது பெக்டோபாக்டீரியம் கரோட்டோவோரம் எனப்படுகிறது.

[காட்சி: செல் சுவரின் வரைபடம்]

செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல, தாவரச் செல்களைப் பெக்டின் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது. பெக்டினின் பெரும்பகுதி கேலக்டுரோனிக் அமில மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலியாகும். பாக்டீரியா தன் உடலுக்கு வெளியே சுரக்கும் நொதிகள் இச்சங்கிலியைப் பல வழிகளில் தாக்குகின்றன. பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் முதலில் மெத்தில் தொகுதிகளை நீக்குகிறது. பின்னர் பாலிகேலக்டுரோனேஸ் அமிலச் சூழலில் நீரைச் சேர்த்துச் சங்கிலியை அறுக்க, பெக்டேட் லையேஸ் கால்சியம் அயனிகளின் துணையோடு காரச் சூழலில் நீரின்றியே அறுக்கிறது.

திசுவைக் குலைப்பதில் முதன்மையானது லையேஸ்தான். அது அறுத்த துண்டின் முனையில் உருவாகும் இரட்டைப் பிணைப்பு ஏறத்தாழ 235 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உறிஞ்சுவதால், பெக்டேட் கரைசலில் அந்த உறிஞ்சல் எவ்வளவு விரைவாக உயர்கிறது என்று அளந்து நொதியின் செயல்திறனை ஆய்வகத்தில் கணக்கிடுகிறார்கள்.

[காட்சி: பெருகும் பாக்டீரியாக்கள்]

என்னை மிகவும் வியக்க வைப்பது, இந்த நொதிகள் சுரக்கப்படும் நேரம். பெக்டின் சிதைந்து விழும் சிறு துண்டுகளே தாவரத்தின் தற்காப்பை எழுப்பிவிடும் என்பதால், சில பாக்டீரியாக்கள் மட்டும் அவசரப்பட்டு நொதியைச் சுரந்தால் இழப்பு அவற்றுக்கே. எனவே ஒவ்வொரு பாக்டீரியாவும் ஹோமோசெரின் லாக்டோன் என்னும் சமிக்ஞை மூலக்கூறைக் கசியவிடுகிறது. கூட்டம் பெருகி அதன் செறிவு உயர்ந்த பிறகே நொதி உற்பத்தி முழுவேகம் பெறுகிறது. இச்சமிக்ஞையை உருவாக்க இயலாதபடி மரபணு மாறிய பாக்டீரியாக்களில் நொதிகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அவற்றால் திசுவை அழுகச் செய்யவும் முடிவதில்லை.

[காட்சி: ஈரம் படிந்த கிழங்கு]

கிழங்கின்மீது நீர்ப்படலம் நிலைத்தால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து தாவரத்தின் தற்காப்பு தளர்கிறது. பாக்டீரியாவோ ஆக்சிஜன் இல்லாமலும் வளரும். ஆகவே கிழங்குகளைக் கிடங்கில் சேர்க்குமுன் உலர்த்துவதும், உள்ளே காற்றோட்டம் தருவதும் இன்றியமையாதவை. கால்சியம் மிகுந்த கிழங்குகள் இந்நோயை நன்கு தாங்குகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. லையேஸுக்குக் கால்சியம் தேவைதான். ஆயினும் அதே கால்சியம் பெக்டின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து இறுக்குவதால், நொதிகள் அவற்றை எளிதில் அறுக்க முடிவதில்லை.