தலைமை விமானியின் அதிகாரம்

நேயர்களுக்கு வணக்கம். விமானத்தில் பயணம் செய்தவர்கள், புறப்படும்போது ஒலிபெருக்கியில் தலைமை விமானியின் குரலைக் கேட்டிருப்பீர்கள். பறக்கும் நேரம் முழுவதும் விமானம் குறித்த இறுதி அதிகாரம் அவருக்கே உரியது என்பது பன்னாட்டு விதி. பாதுகாப்புக்கு இன்றியமையாதபோது மற்ற விதிகளை மீறவும் அவருக்கு உரிமை உண்டு.

இத்தனை பெரிய அதிகாரத்தைக் கையாளும் முறைக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுபவர் அமெரிக்கத் தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ். 1989 ஜூலை 19 அன்று, டென்வரிலிருந்து 296 பேருடன் சிகாகோ நோக்கிச் சென்ற அவருடைய டிசி-10 விமானத்தில் வால்பகுதி எஞ்சின் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும், திரவ அழுத்தத்தால் இயங்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒருசேரப் போய்விட்ட பேருந்தின் நிலை அது. கையேட்டில் இதற்கு வழிமுறையே இல்லை.

அதே வகை விமானத்தில் விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் டென்னி ஃபிட்ச் அன்று பயணியாக வந்திருந்தார். அவர் உதவ விரும்புவதாகப் பணிப்பெண் வந்து சொன்னதும், ஹெய்ன்ஸ் தயங்காமல் உள்ளே அழைத்தார். ஃபிட்ச் விமானிகளின் இருக்கைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, மீதமிருந்த இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கைப்பிடிகளையும் இரு கைகளாலும் பற்றி, விமானம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்ததை ஈடுகட்டினார். இதனால் ஹெய்ன்ஸின் அதிகாரம் குறைந்துவிட்டதா? இல்லை, யாரை அழைப்பது, யார் சொல்வதை ஏற்பது என்ற முடிவும் அவருடையதே. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சூ நகர விமான நிலையத்தில் மூடிக் கிடந்த ஓடுதளத்துக்கு நேராகவே விமானம் வந்தபோது, மறுபடி திருப்ப முயலாமல் அதிலேயே இறங்கத் துணிந்தார். அங்கே நின்ற தீயணைப்பு வண்டிகள் விரைந்து அகற்றப்பட்டன. தரையில் மோதிய விமானம் உடைந்து தீப்பற்றியதில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அதே நிலையைப் பயிற்சிக் கருவியில் உருவாக்கிப் பறந்து பார்த்த விமானிகளால் விமானத்தைப் பத்திரமாக இறக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்ணிக்கையை நாம் மதிப்பிட வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டதால், 2009 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் விசையிழந்தவுடன், துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த விமானத்தைத் தலைமை விமானி செஸ்லி சல்லன்பர்கர் தம் கையில் எடுத்துக்கொண்டார். தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் காட்டிய ஓடுதளங்களுக்குச் செல்ல இயலாது என்று மறுத்து, ஹட்சன் ஆற்றில் இறங்குவதென்று தாமே முடிவெடுத்தார். அந்த மனிதரும், ஆற்றைத் தொடுவதற்குச் சில நொடிகளே இருந்தபோது, வேறு யோசனை ஏதும் உண்டா என்று ஸ்கைல்ஸைக் கேட்டார்.