1 மீட்டர் இறங்கினால் 40 மீட்டர் உப்பு ஏறும்! குமரிக் கடற்கரைக் கிணறுகளுக்கு சென்சார் ஏன் வேண்டும்?

(திரையில்: கடற்கரையோரக் கிணறு ஒன்று, மேலிருந்து)

வணக்கம் நண்பர்களே! குளச்சல், மணக்குடி, தேங்காய்பட்டணம் பக்கம் உங்கள் வீடு இருந்தால், கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மழை வந்தால் ஏறிவிடும் என்று விட்டுவிடுவோம். ஆனால் கரையோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியில் இருக்கும் கடல்நீர் எவ்வளவு மேலே வரும்? கணக்குப்படி நாற்பது மீட்டர்! இந்தக் கணக்கைக் கடைசியில் சொல்லி உங்களைக் காக்க வைக்க எனக்கு மனம் இல்லை. இப்போதே பார்த்துவிடுவோம்.

நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. உப்பு கரைந்திருப்பதால் கடல்நீர் கொஞ்சம் கனம். கடற்கரை மணலுக்கு அடியில் இந்த இரண்டும் சந்திக்கும்போது, தண்ணீரில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் போல நன்னீர் மேலே மிதக்கிறது. அடர்த்தி வித்தியாசம் வெறும் 0.025. ஒன்றை அதால் வகுத்துப் பாருங்கள், நாற்பது வரும். அதாவது கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால்தான், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம் வரைக்கும் நன்னீர் இருக்கும். மேலே அந்த ஒரு மீட்டர் போய்விட்டால் கீழே நாற்பதும் போய்விடும். நெதர்லாந்தின் பேடன் கைபன், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியாகக் கண்டுபிடித்த விதி இது. எனக்கு இந்த விதி மீது தனிப் பிரியம் உண்டு. பள்ளிக்கூட வகுத்தலில் ஒரு கடற்கரை ஊரின் குடிநீர்க் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது!

நிஜத்தில் இது ஒரே நாளில் நடப்பதில்லை. நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே இரண்டும் கலந்த பட்டை ஒன்று இருக்கும், அது மெல்ல மெல்ல மேலே வரும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இடைவிடாமல் ஓட்டினால், அந்த இடத்தில் மட்டும் உப்புநீர் கூம்பு வடிவில் மேலே இழுபடும். பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர், நம் வீட்டில் உவர் என்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

(திரையில்: கேபிளில் கட்டிய சென்சார் கிணற்றுக்குள் இறங்குகிறது)

இதைக் கையும் களவுமாகப் பிடிப்பது மின்கடத்துத்திறன் சென்சார். இரண்டு மின்முனைகள், நடுவில் தண்ணீர், அதில் சிறிய மாறுமின்சாரம். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். அந்த அளவிலிருந்துதான் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் நீரில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். கேபிளை மீட்டர் மீட்டராக இறக்கினால், நன்னீர் உள்ளவரை எண் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். அந்தக் கலந்த பட்டையைத் தொட்டதும் கிடுகிடுவென்று ஏறத் தொடங்கும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே ஏற்றம் அதைவிட மேலேயே தொடங்கினால், கடல் நகர்ந்து வருகிறது என்று பொருள்.

நாக்கு சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் தாமதமாகச் சொல்லும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. நூறு குடம் தண்ணீரில் ஒரே ஒரு குடம் கடல்நீர் இருந்தாலே டி.டி.எஸ். 350 கூடிவிடும். 150இல் இருந்த கிணறு 500ஐத் தொடும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்ற அளவின் எல்லையே 500தான். வேறு வழியே இல்லை என்றால்தான் 2000 வரை அனுமதி. ஒரு குடம் கலந்ததை நம்மில் பலருக்கு நாக்கு காட்டிக்கொடுக்காது. சென்சாருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

2004 சுனாமியின்போது கரையோரக் கிணறுகளுக்குள் கடல் மேலிருந்து பாய்ந்தது, எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அடியிலிருந்து வருவதை யாரும் பார்ப்பதில்லை. எனக்குக் கவலை அதுதான்.

மற்ற சென்சார்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 6.5 முதல் 8.5க்குள் இருக்க வேண்டும். கலங்கலை அளக்க, தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, 90 பாகைப் பக்கவாட்டில் சிதறுவதை அளக்கிறார்கள். மலையில் மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வரும் நாட்களில் இது பெரிய உதவி.

குளோரின் சென்சார்தான் எனக்குப் பிடித்த கெட்டிக்காரன். கிருமியை நேரடியாகப் பார்க்க இந்தச் சாதாரண சென்சார்களால் முடியாது. ஆனால் குழாயில் விரிசல் விட்டு, தண்ணீர் நிறுத்தப்பட்ட நேரத்தில் சாக்கடை உள்ளே இழுபட்டால், அந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். மேல்நிலைத் தொட்டியில் சரியாக இருந்த குளோரின், தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே திடீரென்று விழுந்தால், நடுவில் எங்கோ கோளாறு. எந்தத் தெருவில் தோண்டிப் பார்ப்பது என்பதுகூடக் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிடும்.

ஆகையால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கையடக்க டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் முக்கி, எண் குறைவு, தண்ணீர் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்பு குறைவு என்பது மட்டும்தான் அதன் பொருள். 100 மில்லிலிட்டரில் மலக்கழிவில் இருந்து வரும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தருகிறார்கள். அதில் ஒரு சிறு குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால், மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று பொருள். சென்சார் வந்தாலும் அந்தக் குப்பிக்கு வேலை இருக்கிறது.

நம் உப்புக்காற்றில் எந்தக் கருவியும் கவனிப்பில்லாமல் நீடிக்காது. மின்முனையில் பாசி படரும், எண் தடம் மாறும். மாதம் ஒருமுறையாவது துடைத்து, அளவு தெரிந்த கரைசலில் முக்கிச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே அந்த ஆளின் சம்பளத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

கிராம சபை மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் கூடுகிறது. அன்று போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் ஊர்க் குடிநீர்க் கிணற்றின் டி.டி.எஸ். போன கோடையில் எவ்வளவு, இந்தக் கோடையில் எவ்வளவு? கிடைத்த பதிலை ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். மேல்மிடாலம் முதல் சின்னமுட்டம் வரை வரும் எண்களை ஒரே வரைபடத்தில் போட்டு அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.