கருகிய கிழங்கின் பாடல்கள்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் மேற்குக் கரையோரச் சிற்றூர்களிலும், அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பாஸ்டன், நியூயார்க், லிவர்பூல் போன்ற நகரங்களிலும் இன்றும் பாடப்பட்டு வரும் சில கதைப்பாடல்களைப் பற்றி இந்த உரையில் பேச விரும்புகிறேன். அவை 1840களில் அயர்லாந்தைத் தாக்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தையும், அதனால் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததையும் சொல்லும் பாடல்கள். அவற்றைக் கேட்பவர்கள், பசியில் வாடியவரே பாடிய குரல் இது என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் இன்று பரவலாகப் பாடப்படுபவற்றுள் பெரும்பாலானவை பஞ்சம் ஓய்ந்து பல ஆண்டுகள் கழித்து, அவற்றிலும் சில ஒரு நூற்றாண்டுக்கும் பின்னர், இயற்றப்பட்டவை. பட்டவர்கள் பெரும்பாலும் பேசாதிருந்ததும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் எப்படி என்பதுதான் என்னை ஈர்க்கும் கேள்வி.

1841ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கும் மேல். சிறு குத்தகை உழவரும் கூலிகளுமாகிய பல லட்சம் பேர் ஆண்டின் பெரும்பகுதியில் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதுவும் உண்டு வாழ வழியற்றவர்கள். 1845இல் பூஞ்சை போன்ற ஒரு நோய் அந்தப் பயிரைத் தாக்கியது. மறு ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய முழுவதுமாக மண்ணுக்குள்ளேயே கறுத்து அழுகியது. அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடையும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. 1847இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு உதவி கிடையாது என்றது. உணவு வேண்டுமானால் நிலத்தைக் கைவிட வேண்டும், நிலத்தைக் கைவிட்டால் குடிசை இடிக்கப்படும். 1852க்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கும் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1851இன் கணக்கெடுப்பு காட்டிய தொகை 65 லட்சம்.

இவ்வளவு பெரிய அழிவுக்கு அதே காலத்தில், அதே மக்களின் மொழியில் எழுந்த பாடல்கள் மிகக் குறைவு. அவற்றுள் தலையாயது, வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தின் ரிங் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த மாய்ரே நீ க்ரோமா என்ற பெண் ஐரிஷ் மொழியில் பாடிய ‘கறுத்த உருளைக்கிழங்குகளின் பாடல்’. கருகிய கிழங்குகளால் அக்கம்பக்கத்தார் சிதறிப்போனதைச் சொல்லித் தொடங்கி, இறைவனிடம் இரக்கம் வேண்டி வரும் அப்பாடல், ஓரிடத்தில் சட்டென்று திரும்புகிறது. ஏழைகளைக் குளிரிலும் அலைச்சலிலும் விட்ட இந்த வேலையை வகுத்தவர் கடவுள் அல்லர் என்கிறாள் அவள். ஏழையர் விடுதியில் அடைத்துப் பூட்டிக் கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்ததையும் சொல்கிறாள். பஞ்சம் கடவுளின் செயல் என்று அதிகாரிகளும் சமயப் பிரசங்கிகளும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், ஏட்டறிவாளர்களின் வாதங்களைக் கேட்டிராத ஒரு கிராமத்துப் பெண் பொறுப்பு யாருடையது என்று இத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை விட இந்த ஓர் அடி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இத்தகைய பாடல்கள் ஏன் பெருகவில்லை என்பதற்குக் காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இறந்தவர்களிலும் வெளியேறியவர்களிலும் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகள் மிகுதி. பாடுவோரும் கேட்போரும் ஒருங்கே மறைந்தனர். எஞ்சியவர்களிடம் வெட்கமும் இருந்தது. 1945இல், பஞ்சத்தின் நூற்றாண்டையொட்டி, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் முதியவர்களிடம் நினைவுகளைச் சேகரித்தது. பஞ்சம் எங்கள் ஊரில் அவ்வளவாக இல்லை, பக்கத்து ஊரில்தான் கடுமையாக இருந்தது என்று சொல்லும் போக்கு அவற்றில் அடிக்கடி தென்படுகிறது. கஞ்சிக்கு வரிசையில் நின்றதைத் தன் குடும்பத்தின் கதையாகச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

கடல்கடந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ‘ஸ்கிபரீன்’ என்ற புகழ்பெற்ற பாடல் 1880இல் அமெரிக்காவில் அச்சானது. தந்தைக்கும் மகனுக்கும் நடக்கும் உரையாடல் அது. ஊரைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசுகிறீர்களே, பின் ஏன் அதை விட்டு வந்தீர்கள் என்று மகன் கேட்கிறான். பயிரில் நோய் விழுந்தது, வாடகையும் வரியும் கட்ட முடியவில்லை, நிலக்கிழாரின் ஆட்கள் வந்து கூரைக்குத் தீ வைத்தார்கள், உன் தாய் பனித்தரையில் விழுந்து மாண்டாள், இரண்டே வயதான உன்னை என் மேலங்கியில் சுற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கிளம்பினேன் என்று தந்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இறுதியில் மகன், பழிதீர்க்கும் படையில் முதலாளாக நானே நிற்பேன் என்று சூளுரைக்கிறான். இழப்பு முழுவதும் தந்தையினுடையது. சினம் முழுவதும் மகனுடையது. அயர்லாந்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் ஃபீனியர் இயக்கத்துக்குப் பணமும் ஆளும் திரட்டியவர்கள் இந்த மகனின் தலைமுறையினர்தாம் என்பதை நினைத்தால், பாடலின் கடைசிப் பத்தி வெறும் அலங்காரமன்று என்பது விளங்கும். கார்க் மாவட்டத்து ஸ்கிபரீன் நகருக்கருகே ஆபிஸ்ட்ரூரி இடுகாட்டில் பெயரில்லாப் பெருங்குழிகளில் ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மகன் கேட்ட கேள்விக்கு அந்த இடமே போதுமான விடை.

வெளியேற்றத்துக்கென்று தனிச் சடங்கே உருவாயிற்று. ‘அமெரிக்க இரங்கல் இரவு’ என்று அதற்குப் பெயர். இறந்தவரின் உடலைச் சுற்றி உறவினர் விழித்திருப்பது போலவே, மறுநாள் கப்பலேறப் போகும் மகனையோ மகளையோ சுற்றி ஊரார் கூடி விடியும்வரை பாடியும் ஆடியும் இருப்பார்கள். நம் ஒப்பாரியைப் போல, இறந்தவரை விளித்து அழுது பாடும் மரபு அயர்லாந்துப் பெண்களிடமும் உண்டு. அந்தப் பாட்டை, உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகவே பாடிய தாய்மார்கள் இருந்தார்கள். போனவர் திரும்புவதில்லை என்பது அனைவரும் அறிந்ததுதான். திருவிழாக்களிலும் சந்தைகளிலும் சில காசுக்கு விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகளில் விடைபெறும் பாடல்கள் மலிந்திருந்தன. பல ஒரே வார்ப்பில் வந்தவை, சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

இன்று உலகெங்கும் அறியப்பட்ட பஞ்சப் பாடல், பீட் செயின்ட் ஜான் என்ற டப்ளின் பாடலாசிரியர் 1970களில் எழுதிய ‘அதன்ரையின் வயல்கள்’. பிள்ளைகளுக்காக, பஞ்ச நிவாரண அதிகாரி டிரெவெல்யனின் தானியத்தைத் திருடிய ஒருவன் கைதிக் கப்பலில் ஏற்றப்படுகிறான். சிறைச்சுவருக்கு வெளியே மனைவி நிற்கிறாள். இது பழம்பாடல் என்றே பலர் நம்புகிறார்கள். அதில் அவன் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலுள்ள பாட்டனி பே நோக்கி அனுப்பப்படுவதாக வருகிறது. ஆனால் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்பும் முறை 1840இலேயே முடிவுக்கு வந்திருந்தது. பஞ்சகாலத்துக் கைதிகள் பெரும்பாலும் இன்றைய டாஸ்மேனியாவுக்கே கொண்டுபோகப்பட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாடுபவருக்கு வேண்டியது துறைமுகத்தின் சரியான பெயர் அன்று. தொலைவைச் சொல்லும் ஒரு பெயர். 2012இல் போலந்தில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஸ்பெயினிடம் நான்கு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தபோது அயர்லாந்து ரசிகர்கள் ஒரே குரலாகப் பாடியதும் இதைத்தான்.

அந்தப் பாட்டில் வரும் டிரெவெல்யன் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு பஞ்ச நிவாரணத்தை நிர்வகித்த சார்லஸ் டிரெவெல்யன், அரசு தலையிடுவதை இயன்றவரை குறைக்க வேண்டும் என்ற கொள்கையில் ஊறியவர். 1859இல் மதராஸ் மாகாணத்தின் ஆளுநராக வந்தார். புதிய வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக மறு ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார். சென்னையில் பொதுமக்களுக்கென்று பூங்கா அமைக்க முனைந்தவராக நம் நகர வரலாற்றில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. கால்வே மாவட்டத்து அதன்ரையிலோ அதே பெயர் திருட்டுக்கு உள்ளான தானியத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்பாடல்கள் சொல்லாமல் விடுவனவும் உண்டு. அவற்றில் கொடியவர் எப்போதும் ஆங்கிலேயரோ நிலக்கிழாரோ. வெளியேற்றப்பட்டவரின் நிலத்தைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்ட அண்டை உழவரும், பஞ்சத்தில் கடன் கொடுத்துச் செழித்த உள்ளூர்க் கடைக்காரரும் வருவதில்லை. பயணச் செலவுக்குக் கூட வழியின்றி ஊரிலேயே மடிந்த பரம ஏழையும் இவற்றில் கதைத்தலைவன் ஆவதில்லை. கப்பலேறிப் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள் இயற்றிய பாடல்கள் என்பதால் அப்படித்தான் அமையும். ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுனில் நிலக்கிழாரே செலவு செய்து 1847இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குத்தகையாளரைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். அவர்களில் பலர் கப்பலிலேயே காய்ச்சலில் இறந்தார்கள். அவ்வாண்டின் இறுதிக்குள் அந்த நிலக்கிழார் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாளிகையில் இன்று பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது.

இவற்றைக் கேட்க விரும்பும் நேயர்கள், பழைய முறைப்படி இசைக்கருவி ஏதுமின்றித் தனிக்குரலில் பாடப்படும் ரிங் ஊர்ப் பெண்ணின் பாடலிலிருந்து தொடங்கலாம். மொழி புரியாவிட்டாலும் அதை முதலில் கேட்டுவிட்டு, பிறகு ஸ்கிபரீனுக்கும் அதன்ரைக்கும் வருவது நல்லது. நன்றி, வணக்கம்.