கோயிலடியில் நிறுத்திய காரில் கீறல்: நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி உப்புவெளியிலிருந்து வந்திருக்கிறது. கேள்வி கேட்ட அன்பர் தமது வெள்ளை நிற டொயோட்டா காரைக் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியோரம் நிறுத்திவிட்டுச் சாமி கும்பிட்டுத் திரும்பியபோது, பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறலும், பின் பம்பரின் மூலையில் கறுப்பாக ஓர் உரசலும் இருக்கக் கண்டிருக்கிறார். முச்சக்கர வண்டி உரசியதா, கோயில் இருக்கும் கோட்டைக்குள் திரியும் மான் உரசியதா என்று தெரியவில்லை என்கிறார். பற்பசை போட்டுத் தேய்க்கும்படி மைத்துனர் சொல்கிறாராம். கராஜில் கேட்டால், கதவு முழுவதற்கும் பெயின்ற் அடிக்க வேண்டும் என்கிறார்களாம். இவற்றில் எதைச் செய்வது என்று கேட்கிறார்.

ஐயா, இரண்டையும் இன்றைக்குச் செய்ய வேண்டாம். முதலில் அந்தக் கீறல் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். காரின் தகட்டுக்கு மேல் பிறைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று படலங்கள் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் வரும், அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதலான தடிப்பு. அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரோன். நீங்கள் பற்பசை போட்டாலும் கட் பொலிஷ் போட்டாலும், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரோனிலிருந்துதான் கொஞ்சம் கழிகிறது, கழிந்தது திரும்ப வளர்வதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய கதவில் கீறல் போகவேண்டும் என்ற ஆசையில் நான் அளவுக்கு மீறித் தேய்த்து, கதவின் மடிப்புக் கோட்டில் கிளியர் கோட்டையே கழற்றிவிட்டேன். மடிப்புகளில் பூச்சு மிகவும் மெல்லியது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்த மனிதரின் முகம் இன்னும் மனதில் நிற்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கதவைச் சவர்க்கார நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதைத் தவிர்த்துக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கதவு ஈரமாக இருக்கும்போது கீறல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரிந்தால், அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். தேங்காய் எண்ணெய் பூசினால் கீறல் போய்விடும் என்று பலர் நம்புவதற்கும் இதுவே காரணம்: எண்ணெய் பள்ளத்தை நிரப்பி ஒளி சிதறாமல் செய்கிறது, இரண்டு மழையில் எண்ணெய் போனதும் கீறல் திரும்பிவிடுகிறது. அடுத்து, நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் கீறல் ஆழமானது. வெள்ளைக் காரில் பிறைமரின் நிறம் எளிதில் பிரிந்து தெரியாது என்பதால், கைபேசியின் விளக்கைச் சரிவாகப் பிடித்துக் கீறலின் அடியில் சாம்பல் நிறமா, தகட்டின் பளபளப்பா, கறளின் பழுப்பா தெரிகிறது என்று நோக்குங்கள்.

பம்பரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது பிளாஸ்ரிக் என்பதால் கறள் பிடிக்காது. அங்கே இருக்கும் கறுப்பு, உரசிய வண்டியின் ரப்பர் உங்கள் பூச்சின்மேல் ஒட்டியதாகவும் இருக்கக்கூடும். மெல்லிய துணியில் மண்ணெண்ணெயைச் சிறிது தொட்டுத் துடைத்து, உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பாதிக் கறை அதிலேயே போகும். ஆனால் தின்னரைக் கையில் எடுக்காதீர்கள். தொழிற்சாலையில் தகட்டின்மேல் பூசிய பெயின்ற் ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டு இறுகியது, கராஜில் அடித்த பெயின்ற் அப்படிப்பட்டதன்று. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை, நம்மவர்கள் இருந்த கார்களையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டினார்கள். உங்கள் காரின் எந்தப் பகுதி மறுபடி பெயின்ற் அடிக்கப்பட்டது என்று நிச்சயமாகத் தெரியாதபோது, தின்னர் பூச்சையே கரைத்து இழுத்துவிடலாம்.

இனிக் கதவுக்கு வருவோம். நகம் தடக்கவில்லை என்றால், நைசான பொலிஷை மைக்ரோபைபர் துணியில் எடுத்து, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை மட்டும் தேய்த்து நிறுத்திப் பாருங்கள். வெயிலில் பொலிஷ் சட்டென்று காய்ந்து, அதுவே புதிய கோடுகளை உண்டாக்கும். கீறல் முக்கால்வாசி மங்கினால் அதோடு விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் மிச்சத்தைத் துரத்தப் போனால் கிளியர் கோட்தான் செலவாகும். பற்பசையும் மெல்லிய அளவில் உராயும் பொருள்தான், ஆனால் அதன் உராய்வு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

தகடு தெரிந்தால் விடயம் வேறு. நம்முடைய ஊர் மூன்று பக்கமும் கடற்காற்றை வாங்கும் ஊர், கோணேசர் மலையடியில் நிறுத்திய காரின் கண்ணாடியில் விரலை வைத்தாலே உப்பு ஒட்டும். கொழும்பின் உட்பகுதியில் இருப்பவர் சில வாரம் தள்ளிப்போடக்கூடிய கீறலை நாம் அப்படி விட்டுவிட முடியாது, உப்புப் பட்ட இரும்பு அவ்வளவு விரைவில் கறள் பிடிக்கும். கீறலை நன்னீரால் கழுவி, முழுவதும் காயவிட்டு, கறள் இருந்தால் அந்தக் கோட்டுக்குள் மட்டும் சுரண்டி எடுத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, பிறைமரையும் பிறகு நிறத்தையும் ஈர்க்கின் நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பாமல், ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு, மெல்லியதாக இரண்டு மூன்று முறை வைத்து, கடைசியில் கிளியர் கோட் வையுங்கள். கழுவாமல் மேலே பூசினால் உப்பு உள்ளே அடைபட்டு, வெளியே அழகாக இருக்கும்போதே கீழே கறள் ஓடிக்கொண்டிருக்கும். இன்று நேரமில்லை என்றால், சுத்தம் செய்து காய்ந்த கோட்டின்மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லத் தடவி வையுங்கள். அது தற்காலிகக் காவல்தான் என்றாலும், உப்பைச் சில நாட்களுக்குத் தடுக்கும்.

நிறம் வாங்கும்போது வெள்ளை என்று மட்டும் கேட்காதீர்கள். சாரதி பக்கக் கதவுத் தூணில் அல்லது எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். டொயோட்டாவில் 040 என்று இருந்தால் அது சாதாரண வெள்ளை, சின்னதாகத் தொட்டு வைத்த பூச்சு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. 070 என்று இருந்தால் அது முத்து வெள்ளை. வெள்ளைக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே முத்துப் பூச்சு ஒன்று தனியாக இருப்பதால், ஈர்க்கால் வைத்த நிறம் அருகிலிருந்து பார்த்தால் வேறுபட்டே தெரியும். அந்த வேறுபாடு உங்கள் மனத்தை உறுத்தும் என்றால், கராஜ்காரர் கதவு முழுவதும் அடிக்கச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முத்து வெள்ளையைத் துண்டாக அடித்து மறைப்பது மிகவும் கடினம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது பூச்சு மங்கிப் பால்போல் ஆகக்கூடும், கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தூசி வந்து ஒட்டும். எந்தக் காலமானாலும், காற்று எழும்ப முன்னர், காலையில், மூடிய கொட்டகைக்குள் வேலையை முடிப்பது நல்லது.

காப்புறுதி பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மூன்றாம் நபர் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் இந்தச் செலவு கிடைக்காது. முழுமையான காப்புறுதி என்றால், கோரிக்கை வைக்காதவருக்குக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு, கோரிக்கை வைப்பதால் அடுத்த வருடம் எவ்வளவு குறையும் என்று முகவரிடம் கேட்டு, திருத்தும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதற்கும் கழுவுவதற்கு முன்னர் இரண்டு படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீறலின் அடியில் தெரிந்த நிறத்தையும், தகட்டில் உள்ள குறியீட்டையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள் ஐயா. கராஜுக்குக் கொண்டுபோக வேண்டுமா, வீட்டிலேயே முடிக்கலாமா என்று அங்கேயே பதில் சொல்கிறேன்.