பாப்கார்ன் பாதி பொரியாம நிக்குது, ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. "பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நிறுத்திட்டு வீட்டுலயே பாப்கார்ன் பொரிக்கிறேன். ஒரு நாள் பாதி மக்காச்சோள மணி அடியில கருகி நிக்குது. இன்னொரு நாள் எல்லாம் பொரியுது, ஆனா சின்னச் சின்னதா, சவ்வு மாதிரி இருக்கு. தீயைக் கூட்டணுமா, குறைக்கணுமா?"

அக்கா, ரெண்டும் வேற வேற கோளாறு. தீ ரெண்டாம் பட்சம்தான். அரிசிப்பொரி மாதிரியே இங்கயும் பொரிய வைக்கிறது மணிக்குள்ள இருக்குற தண்ணி. பாப்கார்ன் மணி எடையில சுமார் 14 சதவீதம் தண்ணி இருக்கணும். சூடேறினா அது ஆவியாகும், தோல் வெளிய விடாது. 180 டிகிரி செல்சியஸ் பக்கம் தோல் தாங்காம வெடிச்சு, உள்ள இளகிக் கிடந்த மாவு நுரைச்சு வெளிய வந்து இறுகிடும். தீவனத்துக்குப் போற மக்காச்சோளத்துக்கு அந்தத் தோல் கிடையாது, அதை எவ்வளவு வறுத்தாலும் இப்படிப் பொரியாது.

இப்ப உங்க கோளாறைப் பாருங்க. கருகி நின்னா, மணி காஞ்சு போச்சு, இல்ல தோல்ல கீறல், இல்ல தீ ரொம்பச் சின்னது. மெதுவா சூடேறினா ஆவி கசிஞ்சு போயிடும். சின்னதா சவ்வு மாதிரி வந்தா, மணியில ஈரம் ஏறிப்போச்சு. நம்ம கடற்கரையில இதுதான் அதிகம். பாம்பன் பக்கம் திறந்து வச்ச பாக்கெட் ஐப்பசி, கார்த்திகையில என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. பழி மட்டும் அடுப்பு மேல!

செய்முறை. 5 லிட்டர் குக்கர், அடி கனமா இருக்கும். குக்கர் மூடியும் வெயிட்டும் வேண்டவே வேண்டாம், பொரி வந்து ஆவி போற துளையை அடைச்சா ஆபத்து. மேல ஒரு தட்டு போதும். 100 கிராம் மணிக்கு 2 மேசைக்கரண்டி ரீஃபைண்ட் கடலெண்ணெய். செக்கெண்ணெய் உடம்புக்கு நல்லதுன்னு ஊத்தாதீங்க, இந்தச் சூட்டுல புகைஞ்சு கசக்கும். வெண்ணெயும் அப்படித்தான், அதுல இருக்குற பால் பொருள் முதல்ல கருகும்.

நடுத்தர தீயில எண்ணெயில மூணு மணி போடுங்க. மூணும் வெடிச்சதும் மீதியைக் கொட்டி, அடுப்பை அணைச்சு முப்பது விநாடி விடுங்க. எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வரும், அப்பத்தான் ஒண்ணு பொரியுறதுக்குள்ள இன்னொண்ணு கருகாது. திரும்ப நடுத்தர தீ. தட்டைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க, ஆவி வெளிய போகணும். இறுக மூடினா அந்த ஆவியே பொரியை நமுத்துப் போக வச்சிடும். அப்பப்ப குலுக்குங்க. சத்தத்துக்கு நடுவுல ரெண்டு மூணு விநாடி இடைவெளி விழுந்தா அணைச்சு, உடனே அகலமான தாம்பாளத்துல கொட்டுங்க. கடைசி நாலு மணிக்காகக் காத்திருந்தா மொத்தமும் கருகும்.

வாலிநோக்கம் கல்லுப்பை அப்படியே போட்டா அடியில போய் உக்காந்துக்கும், மிக்ஸியில மாவாப் பொடிச்சுத் தூவுங்க. முண்டு மிளகாய்ப் பொடியும் அணைச்ச பிறகுதான், இல்லன்னா வீடு முழுக்க இருமல்.

நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 25 கிராம் மணி, அரை மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் 160 கலோரி. முழுத்தானியம், நார்ச்சத்தும் உண்டு. சிப்ஸுல அந்த எண்ணெய்க் கணக்கு நம்ம கையில இல்ல. நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு மட்டும் குடுக்காதீங்க, தொண்டையில அடைக்கும்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது, மணியை எப்படி வைக்கிறதுன்னு. வாங்கின அன்னிக்கே இறுக மூடுற கண்ணாடி ஜாடியில கொட்டுங்க. பிரிட்ஜ் வேண்டாம், அங்க காஞ்சிடும். திரும்பவும் அதே தண்ணிக் கதைதான்! காஞ்சு போன மணின்னா, ஒரு லிட்டர் ஜாடியில முக்கால்வாசி மணிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணி தெளிச்சு, மூடி, தண்ணி உறிஞ்சுற வரைக்கும் அப்பப்ப குலுக்கி, மூணு நாலு நாள் விடுங்க. ஈரம் ஏறின மணின்னா தாம்பாளத்துல பரப்பி ஒரு மணி நேரம் வெயில், அப்புறம் பத்து மணி எடுத்துப் பொரிச்சுப் பாருங்க. சின்னதா வந்தா இன்னும் ஒரு மணி நேரம்.