ரிப்பீட்டுல தான் ஆளு தெரியும்

போன ஞாயித்துக்கிழமை பெங்களூர் அல்சூர்ல ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடில பேசினது இது. ரெக்கார்டிங்க கேட்டு டைப் பண்ணிருக்கேன். பேச்சு பேச்சாவே இருக்கட்டும்னு திருத்தல.

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன்னாடி பேசின அக்கா பாசுரம் சொல்லி எவ்ளோ அழகா முடிச்சாங்க, அவங்களுக்கு அப்புறம் என்னை எழுப்பி விட்டு பீரைப் பத்தி பேசுன்னா எப்படி இருக்கும். அதுவும் அந்தப் பக்கம் ஏரிக்கரையில வள்ளுவர் வேற சிலையா இருக்காரு, கள்ளுண்ணாமைன்னு பத்து குறள் எழுதினவரு. பெரியவரே கோச்சுக்காதீங்க, இது குடிக்கச் சொல்ற பேச்சு இல்ல, குடிக்கிறவங்கள பாத்த பேச்சு.

என்னை ஏன் கூப்பிட்டாங்கன்னா, நான் இங்க பக்கத்துல ஒரு பார் அண்ட் ரெஸ்டாரண்ட்ல 11 வருஷம் கேஷ்ல உட்கார்ந்தவன், அப்புறம் இந்திராநகர் பக்கம் சொந்தமா பீர் காய்ச்சுற ஒரு பப்புல ஃப்ளோர் பாத்துக்கிறேன். தம்பி கொடுத்த தலைப்பு என்னன்னா ஒருத்தர் குடிக்கிற பீரை வச்சு அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லிட முடியுமான்னு. முடியும் தம்பி, ஆனா முதல் பாட்டிலை வச்சு முடியாது. முதல் ஆர்டர் டேபிளுக்காக சொல்றது. வெயிட்டர் திரும்பி வந்து "சார், ரிப்பீட்டா?"ன்னு கேப்பான் பாருங்க, அப்ப வாயில வர்றது தான் அந்த ஆளோட சொந்த ஆர்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐ.டி. கம்பெனி கூட்டம் எட்டு பேர் வந்தாங்க. மேனேஜர் உட்கார்ந்த உடனே மெனுவ மூடிட்டு "ஐ.பி.ஏ."ன்னாரு. அவ்ளோதான், மீதி ஏழு பேரும் "ஸேம், ஸேம்"னு கைய தூக்கிட்டாங்க. வந்துச்சு எட்டு பீர் மக்கு. ஐ.பி.ஏ.ன்னா இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான பீரு. குடிச்சவங்களுக்கு தெரியும், முதல் தடவ குடிக்கிறப்ப நிலவேம்பு கஷாயம் ஞாபகம் வரும். ஒரு பையன் ஒரு வாய் குடிச்சிட்டு மக்க மெதுவா தள்ளி டிஷ்யூ டப்பாவுக்கு பின்னாடி ஒளிச்சு வைக்கிறான், நான் பில்லிங் கவுண்டர்ல இருந்து பாத்துட்டே இருக்கேன். அரை மணி நேரத்துல மேனேஜருக்கு போன் வந்துச்சு, எழுந்து வெளிய போனாரு. நம்ம வெயிட்டர் அசாம் பையன், விவரமானவன், கரெக்டா அந்த கேப்ல போய் ரிப்பீட்டான்னு கேட்டான். மூணு பேர் கோதுமையில காய்ச்சுற வீட் பீரு, ரெண்டு பேர் கசப்பு கம்மியான லாகரு, ஒருத்தன் ரகசியமா "கிங்ஃபிஷர் இல்லையா பிரதர்"னான், டிஷ்யூ டப்பா பையன் ஃப்ரெஷ் லைம் சோடா. ஏழு பேரும் யாருன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. மேனேஜர் திரும்பி வந்து என்ன சொன்னாரு தெரியுமா, அவரும் லாகர் தான் சொன்னாரு.

இந்த ஐ.பி.ஏ.ல இந்தியான்னு பேரு இருக்கே, அது ஏன்னா அந்த காலத்துல இங்கிலாந்துல இருந்து கப்பல்ல மாசக்கணக்கா வரணும், வழியில கெட்டுடக் கூடாதுன்னு ஹாப்ஸ்ங்கிற கசப்பு பூவ தூக்கலா போட்டு அனுப்பின பேல் ஏல் தான் இதுக்கு மூதாதை. அத குடிச்சது யாருன்னு பாத்தா பெரும்பாலும் வெள்ளைக்கார ஆபீசர், சிவில் உத்தியோகஸ்தன். சாதாரண சோல்ஜருக்கு வந்தது போர்ட்டர்னு கருப்பு பீரு. பேருக்கு இந்தியா, நம்ம ஆளு வாயில பட்டது அபூர்வம். அப்பவே எந்த பீருங்கிறது நாக்குக்கு சம்பந்தப்பட்ட விஷயமா இல்ல, ராங்க்குக்கு சம்பந்தப்பட்டது. மேனேஜர் டேபிள்ல நான் பாத்தது அதோட பேரன் பேத்தி.

நம்ம ஊருக்கும் இதுக்கும் சொந்தம் உண்டு. 1809ல இங்க கண்டோன்மென்ட் போட்டாங்க, மெட்ராஸ் பட்டாளத்தோட பின்னாடியே நம்ம ஆளுங்க சமையலுக்கு, துணி வெளுக்க, கட்டட வேலைக்குன்னு வந்தாங்க, பட்டாளத்துக்கு பீரும் வந்துச்சு. அதாவது பெங்களூர் தமிழனும் பெங்களூர் பீரும் ஒரே பட்டாளத்துக்கு பின்னாடி வந்தவங்க, யாரும் யாரையும் வந்தேறின்னு சொல்ல முடியாது. 1915ல தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவுல தனித்தனியா இருந்த அஞ்சு ப்ரூவரிய ஒண்ணா சேத்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சாரு. இன்னிக்கு யூ.பி. சிட்டின்னு கண்ணாடி மாளிகையா நிக்குதே, அந்த இடத்துல தான் பழைய ப்ரூவரி இருந்துச்சு. கிங்ஃபிஷர் 1978ல வந்தது. இதுல ஒரு தமாஷ் என்னன்னா சாதா பார்ல உட்கார்ந்த பழைய பெங்களூர்காரன் கிங்ஃபிஷர் கேக்க மாட்டான், "யூ.பி. எக்ஸ்போர்ட்"னு கேப்பான். வெளியூர்காரனுக்கு அந்த பேரே தெரியாது. யாராவது யூ.பி. எக்ஸ்போர்ட்டும் காங்கிரஸ் கடலைங்கிற இந்த ஊர் மசாலா கடலையும் சொன்னா, நான் தலைய தூக்காமலே தெரிஞ்சுக்குவேன், இவன் இந்த ஊர்ல ஸ்கூல் படிச்சவன்.

சரி, ஸ்ட்ராங் பீருக்கு வருவோம். ஸ்ட்ராங் குடிக்கிறவன் முரடன், போதைக்கு அலையுறவன்னு ஒரு பேச்சு இருக்கு. நானும் அப்படித்தான் நினைச்சேன், கேஷ்ல உட்கார்ந்து கணக்கு பாக்குற வரைக்கும். நம்ம சட்டப்படி 5 சதவீதம் ஆல்கஹால் வரைக்கும் மைல்டுங்கிற சாதா பீரு, அதுக்கு மேல 8 வரைக்கும் ஸ்ட்ராங்கு. நான் கணக்கு பாத்தப்ப வரி பெரும்பாலும் லிட்டர் கணக்கு, விலை கணக்குல விழுந்துச்சே தவிர உள்ள எவ்ளோ ஆல்கஹால் இருக்குன்னு பாத்து விழுந்தது கம்மி. கர்நாடகாவுல 2023 ஜூலை பட்ஜெட்ல பீர் மேல இருந்த கூடுதல் கலால் வரிய 175 சதவீதத்துல இருந்து 185 ஆக்கினாங்க, அடுத்த வாரமே என் டேபிள்ல மைல்டு கேட்டவன் ஸ்ட்ராங்குக்கு மாறினான். சென்ட்ரிங் வேலை செய்யுற ஒருத்தர், சனிக்கிழமை சம்பளம், 650 மில்லி பாட்டில் ஒண்ணு தான் அவரு பட்ஜெட்டு. கொடுக்கிற காசுக்கு எதுல கொஞ்சம் தூக்கம் வரும்னு பாக்குறாரு. அது குணம் இல்லங்க, கூட்டல் கழித்தல். இந்தியாவுல விக்கிற பீர்ல பெரும்பங்கு ஸ்ட்ராங் தான், அப்ப நாட்டுல பெரும்பங்கு ஆளு முரடனா?

இதுக்கு நேர் எதிரா ஒரு கூட்டம் இருக்கு. ஜிம் பாடி, டைட் டீ ஷர்ட், வந்து "இருக்கிறதுலயே ஸ்ட்ராங்கா குடு"ன்னு ஸ்டௌட்ட கை காட்டுவாங்க, ஏன்னா கருப்பா இருக்கு. தம்பி, அந்த கருப்பு வறுத்த பார்லில இருந்து வருது, காபிக்கொட்டை கருப்பா இருக்கிற மாதிரி. டப்ளின்ல 1759ல இருந்து கம்பெனி நடத்துற கின்னஸோட டிராட் ஸ்டௌட்ல ஆல்கஹால் 4 சதவீதத்த சுத்தி தான் இருக்கு, நம்ம சென்ட்ரிங் அண்ணன் பாட்டில்ல அதப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இத நான் கஸ்டமர்ட்ட சொன்னதில்ல. அவரு சந்தோஷமா மார்ப நிமித்தி குடிக்கிறாரு, நமக்கு என்ன.

இன்னொண்ணு சொல்றேன், இங்க அக்கா தங்கச்சிங்க இருக்கீங்க, நீங்களே பாத்திருப்பீங்க. புருஷன் பொண்டாட்டி வந்து உட்காருவாங்க, அந்தம்மா ஸ்டௌட் சொல்லுவாங்க, அவரு ஆப்பிள் சைடர் சொல்லுவாரு. வெயிட்டர் கொண்டு வந்து சைடர அந்தம்மா முன்னாடியும் ஸ்டௌட்ட அவரு முன்னாடியும் வைப்பான். பத்துல ஒன்பது தடவ. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம கிளாஸ மாத்திக்குவாங்க, பழகிப் போயிருக்கும். அந்த ஸ்டௌட் அந்தம்மாவப் பத்தி சொன்னத விட எங்க வெயிட்டரப் பத்தி தான் நிறைய சொல்லிச்சு. ட்ரெய்னிங்ல எத்தன தடவ சொன்னாலும் கை அந்தப் பக்கமே போவுது.

பச்சை பாட்டில் ஆளுங்க தனி ரகம். பச்சை பாட்டில்னா ஃபாரின், அதுல ஒரு வாசனை வரும், "இது தான் மச்சா ஒரிஜினல் ஸ்மெல்லு"ம்பாங்க. அந்த வாசனை என்னன்னா ஹாப்ஸ்ல இருக்கிற சத்து மேல வெளிச்சம் பட்டா கெட்டு நாத்தமடிக்கும், பழுப்பு கண்ணாடி அத நல்லா தடுக்கும், பச்சை சரியா தடுக்காது. அதாவது வெயில்ல நின்னு கெட்டுப் போனத காசு கொடுத்து ஒரிஜினல்னு மோந்து பாக்குறோம்.

எந்த பீருங்கிறத விட எப்படி குடிக்கிறாங்கறது தான் பல பேர காட்டிக் கொடுக்கும். எங்க பார்ல ரிட்டயர்டு ஃபேக்டரி மாமா ஒருத்தர், மாசத்துல முதல் சனிக்கிழமை வருவாரு. பீரு வந்த உடனே குடிக்க மாட்டாரு. ஒரு கிளாஸ்ல தண்ணி வாங்கி, பாட்டில் வாய கட்டை விரலால அடைச்சு தலைகீழா அந்த தண்ணிக்குள்ள இறக்கி பிடிச்சிட்டு ரெண்டு நிமிஷம் அசையாம உட்காருவாரு, பூஜை மாதிரி. தண்ணிக்குள்ள மெதுவா மஞ்சளா ஒண்ணு இறங்கும். "பாத்தியா, கிளிசரினு, எல்லாம் கலப்படம், இறக்கிட்டா தலைவலி வராது"ம்பாரு. மாமா, கீழ இறங்குறது கிளிசரின் இல்ல, காசு கொடுத்து வாங்கின பீரு. பீரு தண்ணிய விட துளி கனம், அதனால இறங்குது, அந்த இடத்துக்கு தண்ணி மேல ஏறுது. ஒரு நாள் தைரியமா சொல்லிட்டேன். என்ன ஏற இறங்க பாத்துட்டு, "நீ கேஷ்ல இருக்கிறவன், முதலாளி பக்கம் தான் பேசுவ"ன்னாரு. அவரு குடிச்சது மைல்டா ஸ்ட்ராங்கான்னு இப்ப எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா அந்த கட்டை விரல் ஞாபகம் இருக்கு. 35 வருஷம் ஒரு மெஷின் முன்னாடி நின்ன மனுஷன், எதையும் செக் பண்ணாம வாயில வைக்க மாட்டாரு.

அசல் ஆச்சரியம் வீட் பீர்ல தான். பவேரியா ஸ்டைல் ஹெஃபவைசன்னு ஒண்ணு, பப்புல நிறைய போறது அது தான். வாழைப்பழமும் லவங்கமும் மணக்கும். ஒரு அம்மா, மயிலாப்பூர்ல இருந்து மகன பாக்க வந்தவங்க, மகன் கிளாஸ மோந்து பாத்துட்டு என்னை கூப்பிட்டு "ஏம்ப்பா, எசன்ஸ் ஊத்துறீங்களா"ன்னு அதட்டுனாங்க. இல்லம்மா, எசன்ஸும் இல்ல பழமும் இல்ல, ஈஸ்ட் நுரைக்கிறப்ப தானா அந்த வாசனைய விடும், நம்ம தோசை மாவு புளிக்கிறப்ப ஒரு மணம் வருதே அந்த மாதிரின்னேன். அவங்களுக்கு டக்குனு புரிஞ்சிருச்சு. அப்புறம் பெல்ஜியம் ஸ்டைல் விட்பியர்ல ஆரஞ்சு தோலும் கொத்தமல்லி விதையும் போடுவாங்கன்னு சொன்னேன், "அட, ரசத்துக்கு போடுற தனியாவா"ன்னு சிரிச்சாங்க. மகன் ஆபீஸ்காரங்களோட வர்றப்ப எல்லாம் ஸ்டௌட் சொல்ற ஆளு, அம்மா கூட வந்தப்ப தான் வீட் பீரு சொன்னான்.

தமிழனுக்கு பீரு புதுசான்னு யாரோ கேட்டீங்க. பெரும்பாணாற்றுப்படைங்கிற சங்கப் பாட்டுல, வலைஞர் அதாவது மீன்பிடிக்கிறவங்க வீட்டுல எப்படி காய்ச்சுனாங்கன்னு வருது. அரிசிய களியா துழாவி, அகலமான தட்டுல ஊத்தி ஆற வச்சு, முளை கட்டின நெல்லு சேந்த அடைய அதுல கலந்து, சாடியில ஊத்தி ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி புளிக்க விட்டு, விரலால அலைச்சு பிழிஞ்சு எடுக்கிறாங்க. முளை கட்டின தானியம், ஆற வைக்கிறது, சாடி, வடிகட்டுறது. எங்க பப்புல ஸ்டீல் டாங்க் வச்சு ப்ரூவர் செய்யுறதும் இதே வரிசை தான். சைடு டிஷ் கூட எழுதி வச்சிருக்காங்க, சுட்ட மீனு. கோபி மஞ்சூரியன் அப்ப இல்ல.

ஆனா ரிப்பீட் தியரி ஒரு இடத்துல செல்லாது. ஓசூர்ல இருந்து வர்ற பசங்க அத்திப்பள்ளி தாண்டி சனி ஞாயிறு இங்க வருவாங்க. அங்க 2003ல இருந்து சில்லறை வியாபாரமே டாஸ்மாக் கையில, கவுண்டர்ல போய் நின்னா நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், "அண்ணே கூலிங் இருக்கா". என்ன பிராண்டுன்னு பாட்டில் கைக்கு வந்த பின்னாடி தெரியும். அந்த பசங்க எங்க மெனுவ பிரிச்சு பாத்துட்டு பத்து நிமிஷம் முழிப்பாங்க, அப்புறம் வெயிட்டர்ட்டயே "நீங்களே ஒண்ணு குடுங்கண்ணா, கூலிங்கா"ம்பாங்க. ரிப்பீட்டுக்கும் அதே தான், "அதையே குடுங்கண்ணா". இவங்கள பத்தி நான் என்னத்த சொல்றது, தேர்ந்தெடுக்கவே விடாத ஆளுகிட்ட போய் உன் தேர்வு என்னன்னு கேக்குற மாதிரி.

என்ன கேக்குறீங்க? நான் என்ன குடிப்பேனா? அதானே, இவ்ளோ நேரம் ஊர கிழிச்சிட்டு. சொல்றேன். பாட்டில் பீருக்கு பெரும்பாலும் ஆறு மாசம் ஆயுசு. தேதி முடிய பத்து நாள் இருக்கிற பாட்டில கஸ்டமருக்கு கொடுக்க முதலாளிக்கு மனசு வராது, கீழ கொட்டவும் மனசு வராது, ராத்திரி ஷட்டர் இறக்கினப்புறம் ஸ்டாஃபுக்கு வரும். 11 வருஷம் எது விக்காம நின்னுச்சோ அத தான் நான் குடிச்சேன். மாம்பழ ஃபிளேவர்னு ஒண்ணு வந்துச்சு, ஒருத்தன் சீண்டல, அந்த வருஷம் பூரா எனக்கு மாம்பழம். இப்ப பப்புல எல்லாம் ஃப்ரெஷ்ஷா டாங்க்ல இருந்து வருது, ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் வேற இருக்கு, ஆனா கிளாஸ கைல வாங்கினா இன்னும் அடிப்பக்கத்த திருப்பி தேதி தேடுறேன். கண்ணாடி கிளாஸ்ல எங்க இருக்கும் தேதி. போதும், கீழ பிரியாணி ஆறுதுன்னு சைகை காட்டுறாங்க, வண்டில வந்தவங்க சாவிய இப்பவே அண்ணிட்ட கொடுத்துருங்க.